செவ்வாய், வெள்ளி

முதல் கடிதத்துக்கு முன்னால் ஒரு படிவம்.
பெயர், வயது, இருக்கும் மாநிலம்.
கோபாலபுரத்து எடைமேடைக் கூண்டுக்குள் இருந்தால்
போன் தமிழ்நாடு என்கிறது.
மூத்திரத்துக்குப் பின்பக்கம் போனால்
கேரளம் வரவேற்கிறது.
தமிழ்நாடு என்றே போட்டேன்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டத்தில்
வெகுநேரம் நின்றேன்.
கடைசியில் மச்சான் திருமூர்த்தியின் எண்.
அவனுக்குத் தெரியாது.

மனச்சுமை எவ்வளவு,
பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லவும்.
ரெஜினா மேடம்,
இங்கே அறுபது டன் வரைக்கும் பார்க்கிறோம்,
பத்து கிலோ கூடினாலும் திரையில் தெரியும்.
பத்துக்குள் என்றால் கை வரவில்லை.
ஏழு என்று அடித்தேன். அழித்தேன்.
மறுபடி ஏழு.

பதில் வந்தது.
"செவ்வாயும் வெள்ளியும் படிப்பேன்,
அன்றைக்கே எழுதுவேன்.
நடு ராத்திரியில் நீங்கள் அனுப்பலாம்,
நடு ராத்திரியில் நான் இருக்க மாட்டேன்.
உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால்
எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள்,
கீழே உள்ள எண்ணில் உடனே பேசுங்கள்.
எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன்.
கம்பெனி மெயிலில் இருந்து வேண்டாம்.
பிடிக்காவிட்டால்
காரணம் சொல்லாமல் நிறுத்தலாம்."
கடன் கொடுத்தவன்கூட
இத்தனை விவரம் சொன்னதில்லை.

முதல் கடிதம்:
தூக்கம் இல்லீங்க.
அவ்வளவுதான்.

இரண்டாவது நீண்டுவிட்டது.
தேங்காய் மட்டை, வைக்கோல்,
கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் எருமைகள்,
எருமை தட்டிலேயே பெய்தால் எடை குறையாது,
எந்த வியாபாரியும் நம்புவதில்லை,
எல்லாம் எழுதினேன்.
வண்டி எண், நேரம், சீட்டு எண்ணோடு.
பழக்கம்.
எழுதும்போது முகத்தை யாரும் பார்க்கவில்லை,
அது நன்றாயிருந்தது.
பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறேன்,
அவர் மேசையில் கண்ணாடிப் பேனாத்தாங்கி,
இருபது நிமிஷமும் அதையே பார்த்துவிட்டு
ஐந்நூறு ரூபாய் கொடுத்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் எழுதியது முழுசாக:
"நந்தகோபால்,
உங்கள் கடிதத்தில் பதினான்கு வண்டிகள்.
பதிமூன்றுக்கு எண் இருக்கிறது.
'அந்த லாரி' என்று மூன்று இடத்தில் வருகிறதே,
அதற்கு மட்டும் இல்லை.
சொல்லியாக வேண்டும் என்று இல்லை.
கவனித்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்."

அடுத்த செவ்வாய்க்கு நான் எழுதவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி அடித்தேன்:
போன ஆடி. கணவாய்க் காற்று.
கூண்டின் கண்ணாடி அடித்துக்கொண்டே இருந்தது.
வாரம் மூன்று நடை வரும் வண்டி அது.
ஆள் இறங்கிப் போடும் காலி எடை
எனக்கு மனப்பாடம்.
அன்றைக்கு ஐம்பது கிலோ கூடக் காட்டியது.
டீசல் என்று நினைத்தேன்.
டிரைவர் ஏறினான், பச்சை போட்டேன்.
கிளீனர் பையன்
காற்றுக்கு ஒதுங்கி வண்டிக்கு அடியில்
தட்டு மேலேயே படுத்திருந்திருக்கிறான்.
பேர் பிஜீஷ். பத்தொன்பது வயசு.
போலீஸ் கேட்டது, முதலாளி கேட்டார்,
அவன் அம்மா மலையாளத்தில் கேட்டாள்.
அந்த ஐம்பது கிலோவை மட்டும்
யாரும் கேட்கவில்லை.

கடைசி வரியில் வண்டி எண்.
இடைவெளி விட்டு,
சீட்டில் போடுகிற மாதிரியே.

அழித்துவிடலாம் என்று ஒரு டீ குடித்தேன்.
அனுப்பிவிட்டேன்.
இனி செவ்வாய் வரைக்கும்
படிக்கப்படாமல் அங்கே கிடக்கும்.

வெளியே வைக்கோல் லாரி வந்து நிற்கிறது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.
முட்டி போட்டு, கன்னம் இரும்பில் படக் குனிந்து
இந்தப் பக்கச் சக்கரங்கள்,
எழுந்து சுற்றிப் போய்
அந்தப் பக்கச் சக்கரங்கள்.
டிரைவர் ஹாரனை விடாமல் அடிக்கிறான்.

இதை இன்னும் அவருக்கு எழுதவில்லை.